கொங்குப் பகுதியில் பயறுத் தொழில்: உலகத் தேவையும் வளர்ச்சி வாய்ப்பும்

பயறுத் தொழில் என்பது துவரை, உளுந்து, பச்சைப்பயறு, கொண்டைக்கடலை, கொள்ளு, தட்டைப்பயறு, மொச்சை முதலான பயறு வகைப் பயிர்களை விளைவித்தல், பருப்பாக உடைத்தல், சேமித்தல், விற்றல் ஆகிய அனைத்தையும் சேர்த்துக் குறிக்கும். பயறு விளைச்சல், நுகர்வு, இறக்குமதி ஆகிய மூன்றிலும் உலகில் முதலிடத்தில் இருக்கும் நாடு இந்தியா. உலகின் மொத்தப் பயறு விளைச்சலில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு இந்தியாவில் விளைகிறது. ஆனாலும் உள்நாட்டுத் தேவைக்கு அது போதுவதில்லை.

கோயம்புத்தூர் மாவட்டம் சூலூர் வட்டத்தில் உள்ள சோமனூரையும், அதைச் சூழ்ந்த கொங்கு மானாவாரி நிலங்களையும் எடுத்துக்காட்டாகக் கொண்டு, பயறுக்கான உலகத் தேவை எப்படி உருவாகிறது, அதன் பலன் உள்ளூர் உழவருக்குக் கிடைப்பதில் உள்ள தடைகள் எவை, வளர்ச்சிக்கு எங்கே இடம் இருக்கிறது என்பவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

பயறு என்பது எது

ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை அமைப்பு, காய்ந்த மணிக்காக அறுவடை செய்யப்படும் அவரைக் குடும்பப் பயிர்களை மட்டுமே பயறு வகையாகக் கணக்கில் கொள்கிறது. பச்சைக் காயாகப் பறிக்கப்படும் அவரையும் பீன்சும் காய்கறிக் கணக்கில் சேரும். எண்ணெய்க்காக விளைவிக்கப்படும் நிலக்கடலையும் சோயாவும் எண்ணெய் வித்துக்களில் சேரும். ஆகவே ஒரே மொச்சைச் செடி, பச்சையாகப் பறித்தால் காய்கறி. காயவிட்டு அடித்தால் பயறு.

பயறு மணிகளில் பொதுவாக 20 முதல் 25 விழுக்காடு புரதம் உள்ளது. அரிசியில் உள்ளதைப் போல இது மூன்று மடங்கு. பயறுச் செடிகளின் வேர் முடிச்சுகளில் வாழும் ரைசோபியம் பாக்டீரியா, காற்றிலுள்ள தழைச்சத்தை மண்ணில் நிலைநிறுத்துகிறது. இதனால் பயறுக்கு யூரியா அதிகம் தேவைப்படுவதில்லை. அடுத்து விதைக்கும் சோளத்துக்கும் பருத்திக்கும் நிலம் ஊட்டம் பெறுகிறது. ஒரு கிலோ புரதத்தைப் பெறுவதற்குச் செலவாகும் நீரைக் கணக்கிட்டால், இறைச்சியையும் பாலையும் விடப் பயறுக்கு மிகக் குறைந்த நீரே போதும். இந்தக் காரணங்களை முன்வைத்தே ஐக்கிய நாடுகள் அவை 2016-ஆம் ஆண்டைப் பன்னாட்டுப் பயறு ஆண்டாக அறிவித்தது. 2019 முதல் ஒவ்வோர் ஆண்டும் பிப்ரவரி 10 உலகப் பயறு நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது.

சோமனூர் வட்டாரமும் பயறும்

கோயம்புத்தூர்–ஈரோடு தொடர்வண்டிப் பாதையில் அமைந்துள்ள சோமனூர் விசைத்தறிக்குப் பெயர் பெற்ற ஊர். காடா துணி நெசவும் கூலிக்கு நெய்யும் முறையும் இங்கே பல தலைமுறைக் குடும்பங்களின் பிழைப்பு. ஆனால் தறிகள் பெருகுவதற்கு முன்னும், இன்றும் ஓரளவுக்கு, இது மானாவாரி வேளாண்மை நிலம். கொங்கு வழக்கில் மழையை நம்பிய நிலம் 'காடு', கிணற்றுப் பாசன நிலம் 'தோட்டம்', வாய்க்கால் பாயும் நிலம் 'வயல்'. மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவில் இருப்பதால் இந்த வட்டாரத்தில் ஆண்டு மழை 600 முதல் 700 மில்லிமீட்டர் அளவில்தான் கிடைக்கிறது. அதிலும் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வடகிழக்குப் பருவமழையாக வருகிறது.

இந்த மழைக்கு ஏற்றவாறு அமைந்ததே பழைய கலப்பு விதைப்பு. சோளத்தோடும் கம்போடும் தட்டைப்பயறு, துவரை, அவரை, மொச்சை ஆகியவற்றைச் சேர்த்து விதைப்பார்கள். பின்மழைக்குக் கொள்ளு விதைப்பார்கள். சோளத்தட்டு மாட்டுக்கு; தானியமும் பயறும் வீட்டுக்கு. கொங்கு வீடுகளின் அன்றாட உணவான அரிசியும் பருப்பும், கொள்ளு ரசம், பச்சைப்பயறு கடைசல், தட்டைப்பயறுக் குழம்பு எல்லாம் இந்தக் காடுகளில் இருந்து வந்தவை. 'இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு' என்ற பழமொழி இன்றும் வழக்கில் இருக்கிறது.

இந்தக் கலப்பு விதைப்பு குறைந்து போனதற்கு மூன்று காரணங்களைச் சொல்லலாம்.

முதலாவது ஆள் பற்றாக்குறை. உளுந்து, பச்சைப்பயறு, தட்டைப்பயறு ஆகியவற்றின் பழைய ரகங்களில் காய்கள் ஒரே நேரத்தில் முற்றுவதில்லை. இரண்டு மூன்று முறை ஆள் விட்டுப் பறிக்க வேண்டும். தறிக்குடோனிலும் திருப்பூர் பனியன் கம்பெனிகளிலும் வாரக் கூலி நிலையாகக் கிடைக்கும் இடத்தில், காய் பறிக்க ஆள் கிடைப்பது அரிது.

இரண்டாவது மக்காச்சோளம். பல்லடம், உடுமலை வட்டாரங்களில் கறிக்கோழிப் பண்ணைகள் பெருகியதால் தீவனத்துக்கு மக்காச்சோளம் தேவைப்படுகிறது. அறுவடை முடிந்ததும் வாங்க ஆள் இருக்கிறார்கள். இப்படி உறுதியான வாங்குநர் பயறுக்கு இல்லை.

மூன்றாவது நிலத்தடி நீர். தோட்டங்களில் ஆழ்துளைக் கிணறுகள் வற்றியபோது, பலர் நிலத்தைத் தரிசாக விட்டனர் அல்லது தென்னைக்கு மாறினர். ஊரை ஒட்டிய நிலங்கள் மனைகளாயின.

கொண்டைக்கடலை: கொங்குக் கரிசலின் பயிர்

தமிழ்நாட்டில் கொண்டைக்கடலை பரவலாக விளையும் பயிர் அன்று. குளிரும் பனியும் உள்ள குறுகிய பருவமும், ஈரத்தைப் பிடித்து வைக்கும் கரிசல் மண்ணும் சேர்ந்து அமைய வேண்டும். இவை இரண்டும் அமைந்த இடம் கோயம்புத்தூர், திருப்பூர் மாவட்டங்களின் கரிசல் பகுதி. உடுமலை வட்டாரத்தில் குடிமங்கலம், பெதப்பம்பட்டி பகுதிகளில் இது இன்றும் மானாவாரிப் பயிராக நடக்கிறது.

ஐப்பசி மழையில் நிலம் நனைந்ததும் விதைக்கிறார்கள். அதன்பின் மழை இல்லாவிட்டாலும், மண்ணில் தேங்கிய ஈரத்தையும் மார்கழிப் பனியையும் கொண்டு செடி வளர்கிறது. ஏறத்தாழ 90 நாளில் அறுவடைக்கு வருகிறது. இலைகளில் புளிப்பான அமிலம் சுரப்பதால் ஆடுமாடுகள் அதிகம் மேய்வதில்லை. வெயில் ஏறினால் காய் வெடித்து மணி உதிரும் என்பதால், பனி ஈரம் இருக்கும் விடியற்காலையிலேயே செடியைப் பிடுங்குகிறார்கள்.

இந்தப் பயிருக்கு நீர்ச் செலவு இல்லை, உரச் செலவும் குறைவு. ஆகவே இதன் லாபமும் நட்டமும் முக்கியமாக இரண்டைப் பொறுத்தவை: எவ்வளவு விளைகிறது, என்ன விலைக்குப் போகிறது. ஏக்கருக்கு 4 குவிண்டால் கிடைப்பதாகக் கொள்வோம். 2026–27 ராபி சந்தைப் பருவத்துக்கு மத்திய அரசு அறிவித்துள்ள குறைந்தபட்ச ஆதரவு விலையான குவிண்டாலுக்கு 5,875 ரூபாய் கிடைத்தால் மொத்த வரவு 23,500 ரூபாய். சந்தையில் குவிண்டாலுக்கு 800 ரூபாய் குறைந்தால் 3,200 ரூபாய் கைவிட்டுப் போகும். உழவு, விதை, பிடுங்கு கூலி, அடிகூலி எல்லாம் ஏற்கெனவே செலவாகிவிட்டதால், குறைவது முழுவதும் உழவரின் பங்கில்தான் குறைகிறது.

இந்தியாவின் தேவையும் விளைச்சலும்

இந்தியாவில் ஒருவருக்கு நாளொன்றுக்குக் கிடைத்த பயறின் அளவு 1961-இல் 69 கிராம். 2001-இல் அது 30 கிராமாகச் சுருங்கியது. மக்கள்தொகை பெருகிய அதே காலத்தில் பாசன நிலம், உரம், கொள்முதல், ஆராய்ச்சி எல்லாம் நெல்லுக்கும் கோதுமைக்கும் போயின. பயறு மானாவாரி நிலத்துக்குத் தள்ளப்பட்டது. அதன்பின் நிலைமை சற்று முன்னேறியது.

2015–16 வறட்சியில் நாட்டின் பயறு விளைச்சல் 163 லட்சம் டன் அளவுக்கு விழுந்தது. அடுத்த ஆண்டே, நல்ல மழையும் உயர்ந்த விலையும் சேர்ந்து, 231 லட்சம் டன்னாக எழுந்தது. 2021–22-இல் 273 லட்சம் டன் கிடைத்தது. 2023–24-இல் எல் நினோ ஆண்டின் மழைக்குறைவால் 242 லட்சம் டன்னாகக் குறைந்தது. பயறு சாகுபடியின் பெரும்பகுதி மழையை நம்பி இருப்பதால் இந்த ஏற்ற இறக்கம் தவிர்க்க முடியாததாக இருக்கிறது.

விளைச்சல் குறையும் ஆண்டுகளில் இறக்குமதி கூடுகிறது. 2022–23-இல் 25 லட்சம் டன்னாக இருந்த இறக்குமதி, 2023–24-இல் 47 லட்சம் டன்னாகவும், 2024–25-இல் 70 லட்சம் டன்னுக்கு மேலாகவும் உயர்ந்தது.

உலகச் சந்தை

உலகில் ஆண்டுக்கு 9 கோடி டன்னுக்கும் அதிகமாகப் பயறு விளைகிறது. இதில் பெரும்பகுதி விளைந்த நாட்டிலேயே உண்ணப்படுகிறது. வணிகத்துக்கு வரும் பங்கு சிறியது என்பதால், இந்தியா போன்ற ஒரு பெரிய நாடு வாங்கத் தொடங்கினால் விலை ஏறும், நிறுத்தினால் விழும்.

பயறை ஏற்றுமதி செய்யும் நாடுகளை மூன்று வகையாகப் பிரித்துப் பார்க்கலாம்.

கனடாவும் ஆஸ்திரேலியாவும் முதல் வகை. கனடாவின் சஸ்காச்சுவான் மாநிலம் மஞ்சள் பட்டாணிக்கும் மைசூர்ப் பருப்புக்கும் உலகின் பெரிய விளைநிலம். ஆஸ்திரேலியா கொண்டைக்கடலை ஏற்றுமதியில் முன்னணியில் இருக்கிறது. இந்த நாடுகளில் உள்ளூர் மக்கள் பயறை அதிகம் உண்பதில்லை. ஆயிரக்கணக்கான ஏக்கர் பண்ணைகளில் இயந்திரத்தால் விதைத்து அறுத்து, விற்பனைக்காகவே விளைவிக்கிறார்கள். அண்மைக் காலத்தில் ரஷ்யாவும் மஞ்சள் பட்டாணியில் பெரிய ஏற்றுமதியாளராகியுள்ளது.

மியான்மர் இரண்டாம் வகை. அங்கு விளையும் உளுந்தும் துவரையும் பெரும்பாலும் இந்தியாவை நம்பியே விதைக்கப்படுகின்றன. தமிழ்நாட்டின் இட்லி மாவுக்கு அரைக்கப்படும் உளுந்தில் ஒரு பகுதி அங்கிருந்து வருவதே. பிரேசிலும் இப்போது இந்தியாவுக்கு உளுந்து அனுப்புகிறது.

கிழக்கு ஆப்பிரிக்க நாடுகள் மூன்றாம் வகை. மொசாம்பிக், தான்சானியா, மலாவி ஆகிய நாடுகளில் சிறு உழவர்கள் விளைவிக்கும் துவரை இந்தியாவுக்கு வருகிறது. 2016 ஜூலையில் இந்தியப் பிரதமர் மொசாம்பிக் சென்றபோது, அந்நாட்டிலிருந்து துவரை முதலிய பயறுகளை ஆண்டுதோறும் வாங்க ஒப்பந்தம் கையெழுத்தானது. சூலூர் மானாவாரிக் காட்டு உழவரும் மொசாம்பிக் உழவரும் சிறு உழவர்களே. இருவரும் ஒரே சந்தையில் போட்டியிடுகிறார்கள்.

உலகத் தேவை உணவுத் தட்டோடு நிற்கவில்லை. மஞ்சள் பட்டாணியிலிருந்து புரதத்தைத் தனியே பிரித்து, இறைச்சிக்கு மாற்றான உணவுகளிலும், புரதத் தூள்களிலும் சேர்க்கும் தொழில் வளர்ந்துள்ளது. பிரான்சைச் சேர்ந்த ரொக்கெட் நிறுவனம் 2021-இல் கனடாவின் மனிடோபா மாநிலத்தில் பெரிய பட்டாணிப் புரத ஆலை ஒன்றைத் திறந்தது. சீனாவில் பட்டாணி மாவுச்சத்திலிருந்து சேமியா போன்ற உணவுகள் செய்யப்படுகின்றன. 2025 மார்ச்சில் கனடாப் பட்டாணிக்குச் சீனா 100 விழுக்காடு வரி விதித்தபோது, கனடாவின் பார்வை மீண்டும் இந்தியச் சந்தையின் பக்கம் திரும்பியது. இப்படிப் பெய்ஜிங்கில் எடுக்கும் முடிவு ஒன்றும் உடுமலைச் சந்தையில் கடலை விலையைத் தொட முடிகிறது.

இறக்குமதிக் கொள்கையும் விலையும்

பயறுத் தொழிலைப் புரிந்துகொள்ள 2015 முதல் 2018 வரையிலான நிகழ்வுகள் முக்கியமானவை. 2015 அக்டோபரில் துவரம் பருப்பின் சில்லறை விலை பல நகரங்களில் கிலோ 200 ரூபாயைத் தாண்டியது. அந்த விலையைக் கண்டு அடுத்த பருவத்தில் நாடெங்கும் துவரை விதைக்கப்பட்டது. இறக்குமதியும் தொடர்ந்தது, 2016–17-இல் 66 லட்சம் டன் வந்து சேர்ந்தது. விளைவாக, 2017 தொடக்கத்தில் பல சந்தைகளில் துவரையின் விலை அன்றைய ஆதரவு விலையான 5,050 ரூபாய்க்குக் கீழே போனது.

இதை எதிர்பார்த்தது போல, அன்றைய தலைமைப் பொருளாதார ஆலோசகர் அரவிந்த் சுப்பிரமணியன் தலைமையிலான குழு 2016 செப்டம்பரில் ஓர் அறிக்கை தந்திருந்தது. ஆதரவு விலையை உயர்த்துவது, அரசே கொள்முதல் செய்வது, பயறு ஏற்றுமதித் தடையை நீக்குவது ஆகியவை அதன் பரிந்துரைகளில் அடங்கும். 2017 ஆகஸ்டில் துவரை, உளுந்து, பச்சைப்பயறு இறக்குமதிக்கு உச்சவரம்பு வந்தது. நவம்பரில் பட்டாணிக்கு 50 விழுக்காடு வரி விதிக்கப்பட்டது. அதே மாதம் ஏற்றுமதித் தடையும் நீக்கப்பட்டது. கொண்டைக்கடலை வரி 2018 மார்ச்சில் 60 விழுக்காடாக உயர்ந்தது. கனடா, ஆஸ்திரேலிய உழவர்கள் கடும் இழப்பைச் சந்தித்தனர். இந்தியாவில் விளைச்சலும் தன்னிறைவும் கூடின.

2023-இல் சக்கரம் திரும்பச் சுழன்றது. மழைக்குறைவால் பருப்பு விலை ஏற, அந்த ஆண்டு டிசம்பரில் மஞ்சள் பட்டாணியை வரியின்றி இறக்குமதி செய்ய அனுமதி தரப்பட்டது. சில மாதங்களுக்கு என்று தொடங்கிய அந்தச் சலுகை பலமுறை நீட்டிக்கப்பட்டது. 2024 மே மாதம் கொண்டைக்கடலை வரியும் நீக்கப்பட்டது. மஞ்சள் பட்டாணி துவரைக்கும் கொண்டைக்கடலைக்கும் போட்டியாவது எப்படி என்பதை இங்கே கவனிக்க வேண்டும். பட்டாணி மாவு கடலை மாவைப் போலவே நிறமும் பக்குவமும் தரும், விலை குறைவு. பஜ்ஜி, பக்கோடா, மிக்சர், சேவு செய்யும் இடங்களில் கடலை மாவுக்குப் பதிலாகவோ அதனுடன் கலந்தோ பட்டாணி மாவு புகுந்துவிடுகிறது. அவ்வளவு கடலைக்கான தேவை குறைந்துவிடுகிறது. 2025-இல் துவரையின் சந்தை விலை பல மாநிலங்களில் ஆதரவு விலைக்குக் கீழே இறங்கியது. 2025 நவம்பர் 1 முதல் மஞ்சள் பட்டாணிக்கு 30 விழுக்காடு வரி மீண்டும் விதிக்கப்பட்டது.

அரசின் நிலையும் எளிதன்று. நகரத்துக் கூலிக் குடும்பத்துக்குப் பருப்பு விலை ஏறக் கூடாது. மானாவாரி உழவருக்கு அது விழக் கூடாது. தட்டுப்பாடு வந்ததும் இறக்குமதியைத் திறப்பது உடனே பலன் தருகிறது. ஆனால் கப்பல் வந்து சேரும் நேரமும் அடுத்த அறுவடை நேரமும் ஒன்றாகிவிட்டால், அதிக விலையைப் பார்த்து விதைத்தவர் குறைந்த விலைக்கு விற்க நேர்கிறது. அதற்கடுத்த ஆண்டு அவர் மக்காச்சோளம் விதைக்கிறார். மீண்டும் தட்டுப்பாடு வருகிறது. நூல் விலைக்கும் நெசவுக் கூலிக்கும் இடையே சிக்கும் சோமனூர்த் தறிக்காரருக்கு இந்த நிலை புதிதன்று.

தமிழ்நாட்டில் உள்ள தேவை

தமிழ்நாடு விளைவிப்பதைவிட அதிகமாகப் பருப்பை உண்ணும் மாநிலம். அரசே ஒரு பெரிய வாங்குநர். 2007-இல் தொடங்கிய சிறப்புப் பொது விநியோகத் திட்டத்தின்கீழ், நியாய விலைக் கடைகளில் மாதம் ஒரு கிலோ துவரம் பருப்பு 30 ரூபாய்க்கு வழங்கப்படுகிறது. இதற்காகத் தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகம் ஒப்பந்தப்புள்ளி மூலம் பருப்பு வாங்குகிறது. துவரைக்கு மாற்றாகக் 'கனடா மஞ்சள் பருப்பு' என்ற பெயரில் கனடாவின் மைசூர்ப் பருப்பு வகையும் ஏற்கப்படுகிறது. சத்துணவுத் திட்டத்தில் கொண்டைக்கடலையும் பச்சைப்பயறும் இடம் பெறுகின்றன.

வணிகத் தேவையும் பெரிது. இறக்குமதியாகும் பயறு தூத்துக்குடி, சென்னைத் துறைமுகங்களில் இறங்குகிறது. விருதுநகர் நெடுங்காலமாகப் பருப்பு வணிகத்துக்கும் பருப்பாலைகளுக்கும் மையம். கோயம்புத்தூர் மற்றொரு வழியில் பருப்போடு தொடர்புடையது. புவிசார் குறியீடு பெற்ற கோயம்புத்தூர் வெட் கிரைண்டர் வீட்டில் உளுந்து அரைக்கும் வேலையை மாற்றியது. இன்று நகரங்களில் கடைதோறும் விற்கும் இட்லி, தோசை மாவும், அப்பளத் தொழிலும், வெளிநாட்டுத் தமிழர்களின் மளிகைக் கடைகளும் தமிழ்நாட்டு உளுந்துக்கான தேவையை ஆண்டு முழுவதும் நிலைநிறுத்துகின்றன.

விளைச்சல் இடைவெளியும் ஆராய்ச்சியும்

இந்தியாவின் சராசரிப் பயறு விளைச்சல் எக்டேருக்கு 900 கிலோ அளவில் இருக்கிறது. கனடாவின் பட்டாணி இதைப்போல இரு மடங்குக்கும் மேல் விளைகிறது. நீண்ட குளிர்பருவமும் பெரும் பண்ணைகளும் அங்கு உதவுகின்றன. இங்கு உழவர் மிக வறண்ட நிலத்தையே பயறுக்கு ஒதுக்குகிறார் என்பதும் உண்மை.

இடைவெளியைக் குறைக்கும் ஆராய்ச்சி நிலையம் சோமனூருக்கு அருகிலேயே இருக்கிறது. கோயம்புத்தூரில் உள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பயறு ரகங்கள் 'கோ' என்ற எழுத்தோடும், புதுக்கோட்டை மாவட்டம் வம்பனில் உள்ள தேசிய பயறு ஆராய்ச்சி மையத்தின் ரகங்கள் 'வம்பன்' என்ற பெயரோடும் வருகின்றன. இவற்றுள் இரண்டு முன்னேற்றங்கள் குறிப்பிடத்தக்கவை.

ஒன்று, ஒரே நேரத்தில் முற்றும் ரகங்கள். கோ 8 பச்சைப்பயறு 55 முதல் 60 நாளில் ஒருசேர முற்றுவதால் ஒரே அறுவடையில் வேலை முடிகிறது. இயந்திர அறுவடைக்கும் ஏற்றது. மற்றொன்று, நோய் எதிர்ப்பு. வெள்ளை ஈயால் பரவும் மஞ்சள் தேமல் நோய் உளுந்தையும் பச்சைப்பயறையும் அழிக்கும் முதன்மை நோய். வம்பன் 8 உளுந்து அதைத் தாங்கி வளர்கிறது.

எளிய பராமரிப்பும் பலன் தருகிறது. ரைசோபியம் கலந்து விதைநேர்த்தி செய்தல், பூக்கும் தருணத்திலும் 15 நாள் கழித்தும் 2 விழுக்காடு டி.ஏ.பி. கரைசல் தெளித்தல், அல்லது பல்கலைக்கழகத்தின் 'பயறு ஒண்டர்' ஊட்டக் கலவையை ஏக்கருக்கு 2 கிலோ வீதம் தெளித்தல் ஆகியவற்றால் பூ உதிர்வது குறைந்து விளைச்சல் கூடுகிறது. துவரையில் நாற்றுவிட்டு நடும் முறையும் நல்ல பலன் தந்துள்ளது. கிருஷ்ணகிரி, தருமபுரி உள்ளிட்ட மாவட்டங்களைத் தமிழ்நாடு அரசு துவரை சிறப்பு மண்டலமாக அறிவித்துள்ளது.

கொண்டைக்கடலைக்கு ஆந்திரம் ஒரு பாடம். கர்னூல், பிரகாசம் மாவட்டங்களின் கரிசலும் கொங்குக் கரிசலைப் போல வெப்பமான குளிர்காலம் கொண்டவை. அங்கு ஜே.ஜி. 11 போன்ற குறுகிய கால ரகங்கள் பரவிய பின் கடலைப் பரப்பு பல மடங்கு பெருகியது. நந்தியால் ஆராய்ச்சி நிலையத்தின் என்.பி.இ.ஜி. 47 ரகம், செடி உயரமாக நிமிர்ந்து வளர்வதால் இயந்திரத்தால் அறுக்கத்தக்கது. ஆள் பற்றாக்குறை உள்ள கொங்குப் பகுதிக்கு இத்தகைய ரகங்களே பொருத்தமானவை.

பருப்பாக்கமும் சேமிப்பும்

பயறு மணியைவிடப் பருப்புக்கு விலை அதிகம். அந்த வேறுபாடு பருப்பாலைக்கும் வணிகருக்கும் போகிறது. கொங்கு வீடுகளில் துவரைக்குச் செம்மண் கரைசல் கட்டி, வெயிலில் காயவைத்து, திருகைக் கல்லில் உடைப்பது வழக்கம். மண் தோலின் ஈரத்தை இழுத்துக்கொள்வதால் தோல் எளிதில் கழன்றுவிடும், பூச்சியும் அண்டாது. ஆலைகள் இதையே எண்ணெய், நீர், உலர்த்தி ஆகியவற்றால் செய்கின்றன. சிறிய பருப்பு உடைக்கும் இயந்திரங்கள் இப்போது கிராம அளவிலேயே கிடைக்கின்றன. உடைக்கும்போது கிடைக்கும் துவரம் பொட்டுக்கும் உளுந்தம் பொட்டுக்கும் கறவை மாடு வளர்ப்போரிடம் நல்ல விலை உண்டு.

சேமிப்பில் பெரும் எதிரி பயறு வண்டு. காட்டில் காயின் மேல் இட்ட முட்டையோடு களஞ்சியத்துக்கு வந்து, சில மாதங்களில் மூட்டையை ஓட்டையாக்கிவிடும். இதனால் உழவர்கள் அறுவடை முடிந்ததும், விலை தாழ்ந்திருக்கும் நேரத்திலேயே விற்றுவிடுகிறார்கள். நன்றாகக் காயவைத்து, காற்றுப் புகாப் பைகளில் வைத்தாலும் பருப்பாக உடைத்து வைத்தாலும் இந்தச் சேதத்தைத் தவிர்க்கலாம். இரண்டு மூன்று மாதம் காத்திருக்க முடிவதே பேரம் பேசும் வலிமை.

2025-இன் பயறுத் தன்னிறைவு இயக்கம்

2025–26 நிதிநிலை அறிக்கையில் அறிவிக்கப்பட்ட பயறுத் தன்னிறைவு இயக்கத்துக்கு, 2025 அக்டோபர் 1 அன்று மத்திய அமைச்சரவை 11,440 கோடி ரூபாயை ஒதுக்கி ஒப்புதல் தந்தது. 2030–31-க்குள் விளைச்சலை 350 லட்சம் டன்னாகவும், எக்டேர் விளைச்சலை 1,130 கிலோவாகவும் உயர்த்துவது இதன் இலக்கு. 88 லட்சம் விதைத் தொகுப்புகள் இலவசமாக வழங்குவதும், 1,000 பதப்படுத்தும் நிலையங்களுக்கு 25 லட்சம் ரூபாய் வரை மானியம் தருவதும் திட்டத்தில் உள்ளன. துவரை, உளுந்து, மைசூர்ப் பருப்பு ஆகிய மூன்றையும், பதிவு செய்த உழவர்களிடமிருந்து நான்கு ஆண்டுகளுக்கு முழுமையாக ஆதரவு விலையில் கொள்முதல் செய்வதாக அரசு உறுதி கூறியுள்ளது.

2025–26 பருவத்துக்கான ஆதரவு விலை குவிண்டாலுக்குத் துவரை 8,000 ரூபாய், உளுந்து 7,800 ரூபாய், பச்சைப்பயறு 8,768 ரூபாய். கொங்கின் கொண்டைக்கடலையும் கொள்ளும் தட்டைப்பயறும் அந்த நான்காண்டு உறுதிமொழியில் இல்லை. கொள்ளுக்கும் தட்டைப்பயறுக்கும் ஆதரவு விலையே அறிவிக்கப்படுவதில்லை.

கொங்குப் பகுதிக்கான வாய்ப்புகள்

பயறுக்கான தேவை குறையப் போவதில்லை. மக்கள்தொகையும் வருமானமும் உயர உயரப் புரதத்தின் தேவை கூடுகிறது. பயறுப் புரதத்தை உலகமே நாடுகிறது. நிலையற்றது விலையே. ஆகவே கொங்குப் பகுதியில் இத்தொழில் வளர, விலை வீழ்ச்சியைத் தாங்கும் வழிகளே முதன்மையாகத் தேவை. அவற்றுள் நான்கு நடைமுறைக்கு ஏற்றவை.

1. உள்ளூர்க் கொள்முதல்: நியாய விலைக் கடைக்கும் சத்துணவுக்கும் வாங்கும் பருப்பில் ஒரு பங்கைப் பொள்ளாச்சி, உடுமலை போன்ற ஒழுங்குமுறை விற்பனைக் கூடங்கள் வழியே உழவர்களிடம் நேரடியாக வாங்கலாம். மக்காச்சோளத்துக்குக் கோழிப் பண்ணை இருப்பதுபோல் பயறுக்கும் ஓர் உறுதியான வாங்குநர் அமைவார்.

2. உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்கள் மூலம் பருப்பாக்கம்: ஒருவர் 5 மூட்டைக்கு ஆலை வைக்க முடியாது, 300 பேர் சேர்ந்தால் முடியும். கருவி செய்யும் பட்டறைகளும் இயந்திரம் அறிந்த கைகளும் கோயம்புத்தூர் வட்டாரத்துக்குக் குறைவில்லை.

3. போட்டி குறைந்த பயறுகள்: கனடாவும் ஆஸ்திரேலியாவும் கொள்ளும் மொச்சையும் விளைவித்து இங்கே அனுப்புவதில்லை. கொள்ளுக்கு நலவாழ்வு உணவு என்ற புதிய சந்தை உருவாகியுள்ளது. முளைகட்டிய பயறு, கொள்ளுப் பொடி, பருப்புப் பொடி ஆகியவற்றுக்குப் பெயரோடும் ஊரோடும் விற்கும் வாய்ப்பு உண்டு.

4. ஒரு பாசனம்: பூக்கும் நேரத்தில் ஒரே ஒரு தண்ணீர் கிடைத்தாலும் மானாவாரிப் பயறின் விளைச்சல் கணிசமாகக் கூடும். 2024 ஆகஸ்டில் செயல்பாட்டுக்கு வந்த அத்திக்கடவு–அவிநாசி திட்டம், கோயம்புத்தூர், திருப்பூர், ஈரோடு மாவட்டங்களில் 1,045 குளங்குட்டைகளை நிரப்பி நிலத்தடி நீரைச் செறிவூட்டும் நோக்கம் கொண்டது. கிணறுகளில் ஏறும் அந்த நீரைத் தென்னைக்கும் வாழைக்கும் மட்டும் விடாமல், தெளிப்பு நீராகப் பயறுக்கும் பகிர்ந்தால் அதிகப் பரப்பு பயன்பெறும்.

இவற்றோடு இறக்குமதி அறிவிப்புகளின் காலமும் முக்கியம். விதைப்புக்கு முன்பே அந்தப் பருவத்தின் வரி எவ்வளவு என்று தெரிந்தால், எதை விதைப்பது என்று உழவர் தம் கணக்கைப் போட்டுக்கொள்வார். விதைத்தபின் மாறும் வரியே அவருக்குப் பெரிய நட்டம். குடிமங்கலத்துக் கரிசலில் அடுத்த ஐப்பசியில் கடலை விழுமா, மக்காச்சோளம் விழுமா என்பதை மழையோடு சேர்ந்து இந்த ஒன்றும் தீர்மானிக்கும்.